அமினோ அமிலம் என்றால் என்ன? பாட்டில் வாங்கும் முன் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உரக்கடைக்குப் போனால் யூரியா, டிஏபி மூட்டைகளுக்கு மேலே அலமாரியில் வரிசையாக நிற்கின்றன அமினோ அமில பாட்டில்கள். மாட்டுத் தீவனப் பையிலும் அதே பெயர். கோழித் தீவன மருந்திலும் அதே பெயர். வீட்டில் மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊற வைத்தால் அதுவும் மீன் அமினோ அமிலம். பூ கொட்டுகிறது என்றாலும், வெயிலில் செடி வாடுகிறது என்றாலும், "ஒரு அமினோ அடிச்சு விடுங்க" என்ற யோசனை உடனே வந்துவிடுகிறது.

ஆனால் அது என்ன பொருள், எத்தனை வகை, எது எதற்கு உதவும் என்று யாரும் சொல்வதில்லை. இது தெரிந்தால் எங்கே காசு செலவு செய்யலாம், எங்கே தேவையில்லை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: செடி தனக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களையும் தானே தயாரித்துக்கொள்ளும். கோழிக்கும் மனிதனுக்கும் அந்தத் திறமை பாதிதான் உண்டு. மாடும் ஆடும் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன.

அமினோ அமிலத்தின் அமைப்பு

புரதம் என்பது ஒரு நீளமான மணிமாலை என்றால், அதில் கோத்த ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். பருப்பில் இருக்கும் புரதமும், பாலில் இருப்பதும், நம் தசையும், இலையில் உணவு தயாரிக்கும் நொதிகளும் எல்லாமே இந்த மணிகளால் ஆனவைதான். எந்த மணிக்குப் பிறகு எந்த மணி வருகிறது என்ற வரிசைதான் ஒன்றைப் பாலாகவும் இன்னொன்றை முடியாகவும் ஆக்குகிறது.

ஒவ்வொரு மணியின் நடுவிலும் ஒரு கார்பன் அணு. அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதி. இன்னொரு பக்கம் அமிலத் தன்மையுள்ள கார்பாக்சில் தொகுதி. மூன்றாவதாக ஒரு ஹைட்ரஜன். நான்காவது கையில்தான் வித்தியாசம் இருக்கிறது. அதைப் பக்கச் சங்கிலி என்பார்கள். கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்தில் அந்த இடத்திலும் வெறும் ஹைட்ரஜன்தான். டிரிப்டோபேனில் இரட்டை வளையமே தொங்குகிறது. புரோலின் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: அதன் பக்கச் சங்கிலி வளைந்து போய் தன் அமினோ தொகுதியையே பிடித்துக்கொள்ளும்.

முதலில் கண்டறியப்பட்டது ஒரு காய்கறிச் செடியிலிருந்துதான். 1806-ல் பிரான்சில் வாக்லின், ரோபிகே என்ற இருவர் அஸ்பாரகஸ் என்ற தண்ணீர்விட்டான் கிழங்கு இனத்துச் செடியின் சாற்றிலிருந்து ஒரு படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். செடியின் பெயரிலேயே அதற்கு அஸ்பரஜின் என்று பெயர். புரதத்தில் உள்ள 20 அமினோ அமிலங்களில் கடைசியாகப் பிடிபட்டது திரியோனின். 1935-ல் அமெரிக்காவில் வில்லியம் ரோஸ் அதைக் கண்டறிந்தார்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அதனால்தான் தழைச்சத்து இல்லாத பயிரில் புரதமும் இல்லை.

நான்கு வகைகள்

பக்கச் சங்கிலியின் குணத்தை வைத்துத்தான் வேதியியலில் இவற்றைப் பிரிக்கிறார்கள்.

தண்ணீரை விரும்பாதவை 9: கிளைசின், அலனின், வேலின், லியூசின், ஐசோலியூசின், புரோலின், மெத்தியோனின், பினைல்அலனின், டிரிப்டோபேன். புரதம் சுருண்டு உருண்டையாகும்போது இவற்றில் பெரும்பாலானவை எண்ணெய்த்துளி போல உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். இதில் கிளைசின் மிகச் சிறியது, அதனால் அதைத் தனியாக வைப்பவர்களும் உண்டு.

தண்ணீரோடு ஒட்டும், ஆனால் மின்னூட்டம் இல்லாதவை 6: செரின், திரியோனின், சிஸ்டீன், டைரோசின், அஸ்பரஜின், குளூட்டமின்.

அமிலத் தன்மை உள்ளவை 2: அஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம். காரத் தன்மை உள்ளவை 3: லைசின், அர்ஜினின், ஹிஸ்டிடின்.

அமிலம் என்ற பெயரைப் பார்த்து எல்லாமே எலுமிச்சை போலப் புளிக்கும் என்று நினைக்க வேண்டாம். கிளைசின் இனிக்கும். லைசினைத் தண்ணீரில் கரைத்தால் அது காரமாக இருக்கும். ஒரே மூலக்கூறில் அமிலக் கையும் காரக் கையும் இருப்பதால், அமிலம் வந்தால் காரம் போலவும், காரம் வந்தால் அமிலம் போலவும் நடந்துகொள்ளும். இரண்டு பக்க மின்னூட்டமும் சரிசமமாகும் ஒரு புள்ளி ஒவ்வொன்றுக்கும் உண்டு. அந்தப் புள்ளியில் அது தண்ணீரில் கரைவது மிகவும் குறைந்துவிடும்.

இதை நீங்கள் தினமும் அடுக்களையில் பார்க்கிறீர்கள். பாலில் உள்ள கேசின் புரதம் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கிறது. உறை மோர் ஊற்றியதும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. பி.எச். 4.6 அருகில் வரும்போது கேசினின் மின்னூட்டம் சமமாகி, தள்ளும் சக்தி போய் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அதுதான் தயிர்.

சிஸ்டீன், மெத்தியோனின் இரண்டிலும் கந்தகம் உண்டு. முடி, இறகு, குளம்பு, கொம்பு எல்லாம் சிஸ்டீன் நிறைந்தவை. முடி கருகும்போது வரும் நாற்றம் அந்தக் கந்தகத்துடையது. டைரோசினும், இரண்டு சிஸ்டீன் சேர்ந்த சிஸ்டினும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை. சில அமினோ பாட்டில்களின் அடியில் வெள்ளை வண்டல் இறங்க இவையும் ஒரு காரணம்.

செடி எப்படித் தயாரிக்கிறது?

நீங்கள் போடும் யூரியா மண்ணில் அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாறி வேருக்குள் போகிறது. நைட்ரேட்டைச் செடி மறுபடியும் அம்மோனியமாக்கும். அதற்கு இரும்பும் மாலிப்டினமும் தேவை. அந்த அம்மோனியத்தை முதலில் குளூட்டமிக் அமிலத்தோடு சேர்த்து குளூட்டமினாக்குகிறது. பிறகு அந்த அமினோ தொகுதியை, ஒளிச்சேர்க்கையில் கிடைத்த சர்க்கரையிலிருந்து வந்த கார்பன் எலும்புக்கூடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கைமாற்றி மற்றதையெல்லாம் தயாரித்துக்கொள்கிறது. தழைச்சத்து, வெயில், கந்தகம், கொஞ்சம் நுண்ணூட்டம். இவ்வளவுதான் அதற்கு மூலப்பொருள்.

கந்தகத்தைப் பலர் மறந்துவிடுகிறோம். கந்தகம் இல்லாமல் சிஸ்டீனும் மெத்தியோனினும் இல்லை. அவை இல்லாமல் எந்தப் புரதமும் முழுமையடையாது. நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்வது கால்சியத்துக்காக மட்டும் இல்லை, இந்தக் கந்தகத்துக்காகவும்தான். எத்தனை அமினோ பாட்டில் அடித்தாலும் அந்த ஜிப்சத்துக்கு ஈடாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் செடி அமினோ அமிலங்களைத் தயாரித்துக் குவிக்கும், ஆனால் அதே வேகத்தில் புரதமாகக் கோக்க முடியாது. கோக்காத மணிகள் இலைச்சாற்றிலேயே கிடக்கும். சாம்பல் சத்து குறைந்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் கோக்கும் வேலைக்குப் பொட்டாசியம் வேண்டும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இது விருந்து. நெல்லில் யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் புகையான் முதலில் இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அஸ்வினிக்கும் இது பொருந்தும்.

களைக்கொல்லியும் அமினோ அமிலமும்

செடிக்கு அமினோ அமிலத் தயாரிப்பு எவ்வளவு உயிரானது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் களைக்கொல்லியே சாட்சி. கிளைபோசேட் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: பினைல்அலனின், டைரோசின், டிரிப்டோபேன் ஆகிய மூன்றையும் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதியை அடைத்துவிடுகிறது. நெல்லுக்கு அடிக்கும் பிஸ்பைரிபேக் சோடியம், நிலக்கடலைக்கும் சோயாவுக்கும் அடிக்கும் இமாசிதாபிர், இரண்டும் வேறொரு நொதியை அடைக்கின்றன. அதனால் வேலின், லியூசின், ஐசோலியூசின் மூன்றும் நின்றுபோகும். குளூபோசினேட் அம்மோனியத்தை குளூட்டமினாக்கும் முதல் படியையே தடுக்கிறது. உள்ளே அம்மோனியா சேர்ந்து இலை சில நாளில் கருகிவிடும்.

முதலில் சொன்னவை அடித்தவுடன் களை சாகாமல் ஒரு வாரம், பத்து நாள் இழுப்பதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். இருப்பில் உள்ள அமினோ அமிலம் தீரும்வரை களை தாக்குப்பிடிக்கும். புதுத் துளிருக்குத்தான் முதலில் பஞ்சம் வரும், அதனால் குருத்து முதலில் வெளுக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நான்காம் நாளே மறுபடி அடித்துச் செலவை இரட்டிப்பாக்க வேண்டாம்.

இவற்றில் கடைசியாகச் சொன்ன குளூட்டமின் படியைத் தவிர, மற்றப் பாதைகள் விலங்குகளுக்குக் கிடையாது. அதற்காக முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தெளிக்கலாம் என்று அர்த்தமில்லை. மருந்தோடு சேர்த்துள்ள மற்றப் பொருட்களும் உடம்புக்குத் தீங்கு செய்யும்.

பாட்டில் கணக்கு

இப்போது கடைக்கு வருவோம். ஒரு பாட்டிலில் அமினோ அமிலம் 20 சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் சுமார் 200 கிராம். ஏக்கருக்கு அரை லிட்டர் அடித்தால் 100 கிராம். அதில் நைட்ரஜன் 16 சதவீதம் என்றால் 16 கிராம். இது சுமார் 35 கிராம் யூரியாவில் உள்ள தழைச்சத்துக்குச் சமம். ஒரு கைப்பிடிக்கும் குறைவு. நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து, அதாவது சுமார் 130 கிலோ யூரியா சிபாரிசு செய்யும் இடத்தில் இந்த 16 கிராம் எந்த மூலைக்கு?

ஆகவே அமினோ தெளிப்பு உரம் இல்லை. "இதை அடித்தால் யூரியாவைக் குறைக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அப்படியானால் அதற்குப் பயனே இல்லையா? உண்டு, ஆனால் வேறு விதத்தில். வறட்சி, உப்பு, கடும் வெயில், களைக்கொல்லி அடிபட்ட நேரம், இப்படிச் செடி திணறும்போது சொந்தத் தயாரிப்பு மந்தமாகும். அப்போது இலை வழியாகக் கிடைக்கும் சிறிதளவு அமினோ அமிலம் கைகொடுக்கலாம். உப்பு நிலத்திலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் பல செடிகள் புரோலினைத் தானே சேர்த்து வைத்துக்கொண்டு செல்லில் தண்ணீரைக் காக்கின்றன. வளர்ச்சி ஊக்கியான ஆக்சின் டிரிப்டோபேனிலிருந்து வருகிறது. காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் மெத்தியோனினிலிருந்து வருகிறது. இப்படிச் சிறு அளவில் சைகை கொடுக்கும் வேலைதான் இவற்றுடையது. நல்ல மண், சரியான உரம், போதிய தண்ணீர் உள்ள வயலில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் நாலு பாத்தியை அடிக்காமல் விட்டு அறுவடையில் எடை போட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை இல்லை.

இன்னொரு பயன், உலோகங்களைப் பிடிப்பது. அமினோ கையும் அமிலக் கையும் சேர்ந்து துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு போன்றவற்றை நண்டு இடுக்கியால் பிடிப்பது போலக் கவ்விக்கொள்ளும். ஜிங்க் சல்பேட்டை டிஏபி கரைசலோடு கலந்தால் வெள்ளையாகத் திரிந்து படிவதைப் பார்த்திருப்பீர்கள். கவ்விய துத்தநாகம் அவ்வளவு எளிதில் படியாது. கிளைசின் சிறியது என்பதால் இதற்கு அதிகம் பயன்படுகிறது. ஆனால் இந்தப் பிடி இலைத் தெளிப்புக்குத்தான் போதும், சுண்ணாம்பு மண்ணில் நீண்ட நாள் நிற்கும் அளவுக்கு உறுதியானது இல்லை.

இதே குணம் ஆபத்தாகவும் முடியும். காப்பர் ஆக்ஸிகுளோரைடு, போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துகள் இலையின் மேலேயே தங்கி வேலை செய்ய வேண்டியவை. அமினோ அமிலத்தோடு கலந்தால் அது தாமிரத்தைக் கவ்வி இலைக்கு உள்ளேயும் கொண்டுபோய் விடும். இலை கருகும், பூ கொட்டும். தாமிர மருந்தோடு அமினோவை ஒரே டேங்கில் கலக்காதீர்கள். கந்தகத் தூள், எண்ணெய் வகை மருந்துகளோடும் வேண்டாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? புரதத்தை உடைத்துத்தான் இந்தப் பாட்டில்கள் தயாராகின்றன. உடைக்க இரண்டு வழி. ஒன்று, கடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடாக்குவது. இது மலிவு. ஆனால் டிரிப்டோபேன் அழிந்துவிடும், அமிலத்தைச் சரிக்கட்டக் காரம் சேர்க்கும்போது உப்பு மிஞ்சும். இன்னொன்று, நொதியை வைத்து மெதுவாக உடைப்பது. விலை கூடுதல், ஆனால் அமினோ அமிலங்கள் இயற்கையான வடிவில் நிற்கும்.

வடிவம் என்றால் என்ன என்று கேட்கலாம். இடது கையும் வலது கையும் ஒரே அளவுதான், ஆனால் இடது கைச் செருப்பு என்று எதுவும் இல்லாவிட்டாலும் இடது காலுக்கு வலது செருப்பு பொருந்தாது. அமினோ அமிலமும் அப்படி எல், டி என இரண்டு கண்ணாடி வடிவங்களில் வரும். கிளைசினுக்கு மட்டும் இந்த வேறுபாடு இல்லை. செடியும் விலங்கும் புரதம் கோப்பது எல் வடிவத்தை வைத்து மட்டுமே. கடுமையாக வேக வைத்தால், அதிலும் காரத்தில் வேக வைத்தால், ஒரு பகுதி டி வடிவமாகத் திரும்பிவிடும்.

எதை உடைத்தார்கள் என்பதும் முக்கியம். தோலிலிருந்து எடுத்தது கிளைசினும் புரோலினும் நிறைந்தது. சோயாவிலிருந்து எடுத்தது குளூட்டமிக் அமிலம் கூடியது. முடி, இறகிலிருந்து வந்ததில் சிஸ்டீன் அதிகம். மூலப்பொருள், தனித்து நிற்கும் அமினோ அமில அளவு, குளோரைடு அளவு, இந்த மூன்றும் அட்டையில் இல்லாத பாட்டிலுக்கு நாம் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு உயிர் ஊக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்தது. புரதச் சிதைவுப் பொருட்களும் அமினோ அமிலங்களும் அதில் ஒரு பிரிவு. ஆகவே பதிவு விவரம் இல்லாத பாட்டிலை வாங்க வேண்டாம். பில் கேட்டு வாங்குங்கள்.

மீன் அமிலமும் முட்டைக் கரைசலும்

வீட்டுத் தயாரிப்பில் மீன் அமிலம் வேதியியல்படி நியாயமானது. மீன் குடலிலும் சதையிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் இயற்கையாகவே உண்டு. சம எடை வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை சேர்க்கும்போது தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு, அழுகவைக்கும் கிருமிகள் அடங்கும். நொதிகள் தம் வேலையை நிதானமாகச் செய்யும். அதனால் குடலைக் கழுவி எறிந்துவிட்டு வெறும் சதையை மட்டும் போடுவது சரியில்லை, குடல்தான் தொழிற்சாலை.

நல்ல கரைசலுக்கும் கெட்டதற்கும் மூக்கே சோதனைக் கருவி. பதமாக வந்தது பழ வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து, தேன் நிறத்தில் இருக்கும். வெல்லம் குறைந்தாலோ தண்ணீர் புகுந்தாலோ கிருமிகள் அமினோ அமிலத்தையே தின்னத் தொடங்கும். லைசின் உடைந்து பிண வாடை வரும். கந்தக அமினோ அமிலங்கள் உடைந்து அழுகிய முட்டை நாற்றம் வரும். அப்படி நாறினால் அதில் நீங்கள் தேடிய பொருள் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அதைத் தெளிக்காமல் எருக்குழியில் ஊற்றி விடுங்கள். நல்ல கரைசலை 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி கலந்து மாலையில் தெளிப்பது வழக்கம். கெட்டியாக அடித்தால் இலை கருகும்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் முட்டைக் கரைசலை அமினோ அமிலம் என்று அழைப்பது எங்களுக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஆய்வகத்தில் புரதத்தை முழுதாக உடைக்க, கடும் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். எலுமிச்சைச் சாறு அறை வெப்பத்தில் அதைச் செய்யாது. ஓட்டைக் கரைக்கும், அவ்வளவுதான். அதில் கிடைப்பது பெரும்பாலும் கால்சியமும் உடையாத புரதமும். செடிக்குக் கால்சியம் நல்லது, அதற்காக அடிக்கலாம்.

கோழிக்கும் மாட்டுக்கும்

அமினோ அமிலத்துக்குச் செலவு செய்வது உண்மையில் பலன் தரும் இடம் கோழிக் கொட்டகை. மனித உடல் ஒன்பதைத் தயாரிக்க முடியாது: லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபேன், வேலின், லியூசின், ஐசோலியூசின், பினைல்அலனின், ஹிஸ்டிடின். கோழிக்கு இவற்றோடு அர்ஜினினும் சாப்பாட்டிலேயே வர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. மாலை கோக்கும்போது சிவப்பு மணி தீர்ந்துபோனால் மீதி மணிகள் சும்மாதானே கிடக்கும்? அப்படி மிஞ்சியதை உடல் எரித்து எச்சமாகத் தள்ளிவிடும். கொட்டகையில் அம்மோனியா கண்ணை எரித்தால் அதில் உங்கள் தீவனக் காசும் கலந்திருக்கிறது.

மக்காச்சோளம், சோயா வைத்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின், அடுத்தது லைசின். கடையில் கிடைக்கும் மெத்தியோனின் பெரும்பாலும் எல், டி இரண்டும் கலந்தது. கோழியின் உடல் டி மெத்தியோனினை எல் வடிவமாக மாற்றிக்கொள்ளும் என்பதால் பாதகமில்லை. லைசினுக்கு அப்படி மாற்ற முடியாது, அதனால் அது எல் வடிவத்தில் மட்டுமே விற்கப்படுகிறது.

வீட்டிலேயே தீவனம் கலப்பவர்களுக்கு ஒரு யோசனை. கடலைப் பிண்ணாக்கில் லைசினும் மெத்தியோனினும் குறைவு. சோயாவில் லைசின் அதிகம். எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் அதிகம், லைசின் குறைவு. ஒன்றை மட்டும் அள்ளிப் போடுவதைவிட சோயாவையும் எள்ளையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துப் போடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டே, அது இந்தக் குறையைத் தீர்க்கும் வேலைதான். தானியத்தில் குறைவாக உள்ள லைசின் பூச்சியில் இருக்கிறது.

பிண்ணாக்கு வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். அதிகச் சூட்டில் லைசின் சர்க்கரையோடு சேர்ந்து பழுப்பாகிவிடும். 1912-ல் பிரான்சின் மெய்லார்ட் விவரித்த வினை இது. முறுகிய தோசையின் நிறமும் மணமும் இதுதான். தோசைக்கு நல்லது, பிண்ணாக்குக்கு நல்லதில்லை. கருகிய பிண்ணாக்கில் புரதச் சதவீதம் அட்டையில் அப்படியே இருக்கும், ஆனால் லைசின் கோழிக்குக் கிடைக்காது. அதற்காகச் சோயாவைப் பச்சையாகவும் போடக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருளை அழிக்க மிதமான வறுவல் அவசியம்.

மாடும் ஆடும் கதையே வேறு. அவற்றின் முதல் வயிறான ரூமனில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலோடு எளிய நைட்ரஜனையும் சேர்த்து எல்லா அமினோ அமிலங்களையும் தயாரிக்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே மாட்டுக்கு உணவாகின்றன. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா வீதம் கரைத்துத் தெளித்து 21 நாள் மூடி வைத்துக் கொடுக்கும் முறை இதை நம்பித்தான். ஆனால் ரூமன் வளராத கன்றுக்கும், கோழிக்கும், பன்றிக்கும் யூரியாவைக் கொடுக்கவே கூடாது. வளர்ந்த மாட்டுக்கும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து நேரடியாகக் கொடுத்தால் அம்மோனியா ஏறிச் செத்துவிடும். மிக அதிகம் கறக்கும் மாடுகளுக்கு மட்டும் நுண்ணுயிர் தருவது போதாது. ரூமனைத் தாண்டிப் போய்ச் செரிக்கும் பைபாஸ் புரதம் அவற்றுக்குப் பலன் தரும்.

தீவனப் பையில் கச்சா புரதம் இத்தனை சதவீதம் என்று போடுகிறார்களே, அது புரதத்தை நேரடியாக அளந்தது இல்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கியது. 16 சதவீதக் கணக்கின் மறுபக்கம் இது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் என்பதால், இந்தக் கணக்கில் யூரியாவுக்கே 287 சதவீதம் புரதம் வரும்! கலப்படக்காரர்களுக்கு இந்த ஓட்டை தெரியும். 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதம் அதிகம் காட்டுவதற்காக மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைச் சேர்த்தார்கள். லட்சக்கணக்கான குழந்தைகளின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கச்சா புரத எண் அதிகம், விலை மட்டும் மலிவு என்றால் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள்.

நம் தட்டில்

அரிசி, கம்பு, சோளம், மக்காச்சோளம் எல்லாவற்றிலும் லைசின் குறைவு. உளுந்து, துவரை, பச்சைப்பயறில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு. இட்லியும் பொங்கலும் பருப்புச் சோறும் இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்துவிடுகின்றன. பயறு விளைவிக்கும் குடும்பம் மொத்தத்தையும் விற்றுவிட்டு ரேஷன் அரிசியை ரசத்தோடு மட்டும் குழந்தைக்குக் கொடுத்தால், வயிறு நிறைந்தாலும் வளர்ச்சிக்கு வேண்டிய மணி தீர்ந்திருக்கும். விற்கும் மூட்டையில் வீட்டுக்கு என்று கொஞ்சம் ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும்.

மக்காச்சோளத்தில் லைசின், டிரிப்டோபேன் இரண்டையும் கூட்டிய தரப்புரத ரகங்கள் உண்டு. மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி மையத்தில் அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த இந்தியரான சுரிந்தர் வாசலுக்கும், மெக்சிகோவைச் சேர்ந்த எவாஞ்சலினா வில்லேகாசுக்கும் 2000-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கோழிக்கும் பன்றிக்கும் சொந்தமாகத் தீவனம் விளைவிப்பவர்கள் இந்த ரக விதை கிடைக்குமா என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

புரதத்தில் சேராத சில

இந்த 20 தவிர, செடிகள் தற்காப்புக்காகத் தயாரிக்கும் அமினோ அமிலங்களும் பல இருக்கின்றன. ஆடு வளர்ப்பவர்கள் அறிய வேண்டியது மிமோசின். சூபாபுல் என்கிற சவுண்டல் இலையிலும் விதையிலும் இருக்கிறது. அளவுக்கு மீறித் தின்றால் முடி கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும், எடை குறையும். குதிரை, பன்றி, முயலுக்கு இன்னும் மோசம். ஹவாய் தீவு ஆடுகள் மட்டும் சவுண்டலைத் தின்று நன்றாக இருந்ததைக் கவனித்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் ரூமனில் இந்த நஞ்சை உடைக்கும் பாக்டீரியா இருப்பதைக் காட்டினார். அந்தப் பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மொத்தப் பசுந்தீவனத்தில் சவுண்டலை மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொண்டு, மீதியைப் புல், சோளத் தட்டையோடு கலந்து கொடுங்கள். சினை ஆட்டுக்கு இன்னும் குறையுங்கள்.

கேசரிப் பருப்பில் உள்ள இன்னொரு அமினோ அமிலம் அதையே நாள்கணக்கில் தின்பவர்களின் காலை முடக்கும். துவரம்பருப்பில் இதைக் கலந்து விற்பதும் உண்டு. ஒரு பக்கம் சரிந்து கோடாரி வடிவில் இருக்கும் பருப்பு தட்டுப்பட்டால் பொறுக்கி எறியுங்கள். தம்பட்டை அவரை விதையில் கனவனின் என்ற ஒன்று உண்டு. அது அர்ஜினின் போலவே வேடம் போட்டு மாலையில் நுழைந்து புரதத்தைக் கெடுக்கும். முற்றிய விதையை ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் முதல் வேக்காட்டுத் தண்ணீரையும் கொட்டிவிட்ட பிறகே சமைக்க வேண்டும். கோழித் தீவனத்தில் பச்சையாக அரைத்துச் சேர்க்கக் கூடாது.